பெயரில் ஓர் எழுத்து மாறினால் பதக்கம் போய்விடுமா? கெடா முன்னாள் வீரர்களும் குடும்பத்தாரும் அறிய வேண்டியவை

கெடா தோட்டப்புறக் குடும்பங்கள் சிலவற்றில் தகரப் பெட்டிக்கு அடியில் ஒரு வெள்ளிப் பதக்கம் கிடக்கும். ஊதா நிற நாடா, நடுவில் பச்சைக் கோடு. மேலே ஒரு சிறு பட்டையில் ‘மலாயா’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். தாத்தா எஸ்.சி.யாக இருந்தார், துப்பாக்கியோடு தோட்டத்தைக் காவல் காத்தார் என்பது மட்டும்தான் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியும். பதக்கம் இல்லாத வீடுகளில் கதை மட்டும் இருக்கிறது. கதையை வைத்துக்கொண்டு எந்த இலாகாவிலும் விண்ணப்பிக்க முடியாது.

அந்தப் பதக்கத்தின் பெயர் பொதுச் சேவைப் பதக்கம். பிரிட்டிஷ் அரசு வழங்கியது. மலாயாப் பட்டைக்கு உரிய காலம் 1948 ஜூன் 16 முதல் 1960 ஜூலை 31 வரை. அதாவது அவசரகாலம் தொடங்கியதிலிருந்து முடிந்தது வரை. பதக்கத்தின் முகத்தைவிட விளிம்புதான் முக்கியம். பெற்றவரின் எண், பதவி, பெயர், படை ஆகியவை விளிம்பில் பொறிக்கப்பட்டிருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் தெரியும். அந்த ஒரு வரிதான் பல குடும்பங்களிடம் மிஞ்சியிருக்கும் ஒரே அரசாங்க ஆவணம். அதில் உள்ள பெயரும் அடையாளக் கார்டில் உள்ள பெயரும் பொருந்தாமல் இருப்பதும் சகஜம்.

இரண்டாம் உலகப்போர் நட்சத்திரப் பதக்கங்கள் வேறு வகை. பிரிட்டன் தன் வீரர்களுக்கு அவற்றைப் பெயர் பொறிக்காமலேயே கொடுத்தது. ஆகவே பெட்டியில் வெறும் நட்சத்திரம் கிடைத்தால் அது யாருடையது என்று பதக்கத்தை வைத்து மட்டும் சொல்ல முடியாது.

யார் யாருக்குப் பதக்க உரிமை?

அவசரகாலத்தில் ரப்பர் தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களும்தான் முதல் இலக்கு. 1948 ஜூன் 16 அன்று பேராக் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்டதை அடுத்தே அவசரகாலம் வந்தது. தோட்டங்களைக் காக்க அவசர அவசரமாக ஆள் சேர்த்தார்கள். சிறப்புக் கான்ஸ்டபிள் படை எனப்படும் எஸ்.சி. படை உச்சத்தில் சுமார் 40,000 பேரைக் கொண்டிருந்தது. பெரும்பாலோர் மலாய்க்காரர்கள். இந்தியர்களும் இருந்தார்கள். பெரட்டுக்கு நின்றவர்கள் துப்பாக்கி பிடிக்கப் போனார்கள். பாலிங், கூலிம், சுங்கை பட்டாணி வட்டாரத் தோட்டங்களில் லயங்களைச் சுற்றி முள்வேலி, இரவு ஊரடங்கு, காட்டுக்குச் சோறு கொண்டுபோகத் தடை என்று இருந்த காலம் அது. இதே பாலிங்கில்தான் 1955 டிசம்பர் 28, 29ஆம் நாள்களில் துங்கு அப்துல் ரஹ்மானும் சின் பெங்கும் பேச்சு நடத்தினார்கள்.

இராணுவத்தில் சேர விரும்பிய தமிழருக்கு வேறு வழி இருந்தது. மலாய் ரெஜிமென்ட் மலாய்க்காரர்களுக்கு மட்டும் உரியது. 1952இல் எல்லா இனத்தவருக்குமாகக் கூட்டரசு ரெஜிமென்டும் கூட்டரசுக் கவச வாகன ரெஜிமென்டும் அமைக்கப்பட்டன. 1960 ஜனவரி 1ஆம் தேதி இரண்டும் இணைந்து வேவுப் படை ரெஜிமென்ட் ஆயின. பொறியியல் படை, சமிக்ஞைப் படை, மருத்துவப் படை, கடற்படை, விமானப்படை ஆகியவற்றிலும் தமிழர்கள் இருந்தார்கள். தேடும்போது இந்த இணைப்பை நினைவில் கொள்ள வேண்டும். சேர்ந்தபோது ஒரு பெயரில் இருந்த படை, ஓய்வு பெற்றபோது வேறு பெயரில் இருந்திருக்கும். ‘அப்படி ஒரு படையில் உங்கள் தந்தை பெயர் இல்லை’ என்ற பதில் வந்தால், கேட்டது பழைய பெயரிலா புதிய பெயரிலா என்று முதலில் பாருங்கள்.

அவசரகாலம் முடிந்த பிறகும் கெடாவில் துப்பாக்கிச் சத்தம் ஓயவில்லை. 1968இல் இரண்டாம் கிளர்ச்சி தொடங்கியது. 1976இல் குபிர் காட்டுப் பகுதியில் நடந்த நடவடிக்கைகளில் கண்ணிவெடியால் காலிழந்தவர்கள் பலர். 1989 டிசம்பர் 2ஆம் தேதி ஹட்யாய் உடன்படிக்கையோடு அது ஓய்ந்தது. இடையில் 1960 முதல் 1963 வரை காங்கோவில் ஐக்கிய நாட்டு அமைதிப் படையில் மலாயா வீரர்கள் பணியாற்றினார்கள். 1963 முதல் 1966 வரை இந்தோனேசியாவுடன் மோதல். ஒவ்வொன்றுக்கும் பதக்கமும் நிபந்தனையும் வேறு வேறு. காங்கோ பதக்கத்துக்கு 90 நாள் சேவை வேண்டும். பதிவேட்டில் புறப்பட்ட தேதி ஒரு மாதம் பிந்தி எழுதப்பட்டிருந்தால் அந்த 90 நாள் நிறைவடையாது. தேதிப் பிழை சிறிய பிழை அல்ல.

பிழை எங்கே பிறக்கிறது?

பெரும்பாலும் கிராணியின் மேசையில். பிறப்புப் பத்திரம் இல்லாத பையன் செக்ரோலில் ஒரு பெயரோடு இருப்பான். வீட்டில் கூப்பிடும் பெயர் வேறு. படையில் சேரப் போனால் அங்கிருக்கும் எழுத்தர் தன் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதுவார். சுப்பிரமணியம் என்ற பெயருக்கு எத்தனை எழுத்துக்கூட்டு உண்டு என்று நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பழனி, வீரப்பன், ஆறுமுகம் எல்லாமே அப்படித்தான். ‘ழ’ வந்தால் கேட்கவே வேண்டாம்.

இதைவிடப் பெரிய சிக்கல் தகப்பனார் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஆங்கிலப் பதிவேடுகளோ குடும்பப் பெயரை வைத்தே அகர வரிசை அமைக்கும். ராமசாமி மகன் முனுசாமியை ஒரு பதிவேட்டில் ‘முனுசாமி’யின் கீழும் இன்னொன்றில் ‘ராமசாமி’யின் கீழும் காணலாம். இல்லை என்ற பதில் வந்தால், தகப்பனார் பெயரிலும் தேடச் சொல்லி மறுபடி எழுதுங்கள்.

அடுத்தது அடையாளக் கார்டு எண். மலாயாவில் அடையாளக் கார்டு வந்ததே 1948இல் அவசரகால விதிமுறைகளின்படிதான். 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் கட்டாயம் ஆக்கினார்கள். 1990இல் 12 இலக்கப் புதிய எண் வந்தது. அதற்கு முன் ஓய்வு பெற்றவரின் படைப் பதிவில் பழைய எண்தான் இருக்கும். புதிய எண்ணை மட்டும் எழுதி அனுப்பினால் அங்குள்ளவர் பொருத்திப் பார்க்க வழியில்லை. இரண்டையும் எழுத வேண்டும். பழைய எண் மறந்திருந்தால் தேசியப் பதிவு இலாகாவில் கேட்கலாம்.

எல்லாவற்றையும்விட உறுதியானது இராணுவ எண். பழைய வீரர்களிடம் பேசிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பேரன் பெயரை மறந்தாலும் அந்த எண்ணை மறப்பதில்லை. அவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

பிறந்த தேதிப் பிழையைப் பற்றி ஒரு செய்தி. இந்தியத் தரைப்படைத் தலைவராக இருந்த ஜெனரல் வி.கே. சிங்குக்கே இந்தத் தொல்லை இருந்தது. பள்ளிச் சான்றிதழில் 1951 மே 10. பையனாக இருந்தபோது தேசியத் தற்காப்புக் கழகத்தில் சேர நிரப்பிய பாரத்தில் 1950 மே 10. பல பத்தாண்டுகளாக இரண்டு பதிவுகளும் அப்படியே இருந்தன. அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். நீதிமன்றத்தின் போக்கைக் கண்டு 2012 பிப்ரவரியில் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்த ஆண்டு மே மாதமே ஓய்வு பெற வேண்டியதாயிற்று. முதல் பாரத்தில் எழுதியதற்கு எவ்வளவு பலம் என்பது இதில் தெரிகிறது. வருடக் கணக்கில் பிழையை ஒத்துக்கொண்டு வந்துவிட்டால் பிறகு திருத்துவது கடினம். அதனால்தான் பிழை தெரிந்த அன்றே எழுதிவிட வேண்டும் என்று சொல்வது.

எந்தக் கதவைத் தட்டுவது?

மலேசிய ஆயுதப்படையில் இருந்தவருக்குத் தற்காப்பு அமைச்சின் கீழ் இயங்கும் ஆயுதப்படை முன்னாள் வீரர் விவகார இலாகாதான் முதல் இடம். மலாயில் ஜாபத்தான் ஹால் ஏவால் வெட்டரான் என்பார்கள், சுருக்கமாக ஜே.எச்.இ.வி. இதற்கு மாநிலக் கிளைகள் உண்டு. 2012ஆம் ஆண்டின் முன்னாள் வீரர்கள் சட்டம் (சட்டம் 740) முன்னாள் வீரர்களின் பதிவுக்குச் சட்ட அடிப்படை தந்தது. 21 ஆண்டு முடிக்காமல் வெளியேறிய சாதாரணப் படை வீரருக்குப் பென்ஷன் இல்லை. தோட்டப்புறத்திலிருந்து போன பலர் இந்தப் பிரிவில் வருகிறார்கள். இவர்களுக்கு அரசு தரும் உதவி எதுவானாலும் முன்னாள் வீரர் என்ற பதிவு முதலில் இருக்க வேண்டும். பதக்கத்துக்கு ஆதாரமான அதே சேவைப் பதிவுதான் இதற்கும் ஆதாரம். பதக்கம் வேண்டாம், எனக்கு அந்தப் பெருமை தேவையில்லை என்று விட்டுவிடுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை. பதிவு பிழையாக இருந்தால் நாளை விதவை மனைவி உதவி கேட்டுப் போகும்போதும் அதே பிழைதான் குறுக்கே நிற்கும்.

எஸ்.சி.யாகவோ வழக்கமான போலீசாகவோ இருந்தவருடைய விவகாரம் தற்காப்பு அமைச்சுடையது அல்ல. அரச மலேசிய போலீஸ் படைக்கு எழுத வேண்டும். ‘தாத்தா ஆர்மியில் இருந்தார்’ என்று வீட்டில் சொல்வதை அப்படியே நம்பித் தவறான இலாகாவுக்கு எழுதிக் காத்திருப்பவர்கள் உண்டு. காக்கிச் சட்டை எல்லாம் ஆர்மி அல்ல. விளிம்பில் உள்ள எழுத்துகளில் ‘எஸ்.சி.’ என்றோ போலீஸ் என்றோ இருந்தால் அது போலீஸ் பதிவு.

பிரிட்டிஷ் இராணுவத்தில் நேரடியாகச் சேர்ந்தவர்களும் நம்மில் உண்டு. பிரிட்டிஷ் பொறியியல், சமிக்ஞை, போக்குவரத்துப் படைகள் உள்ளூர் ஆட்களை எடுத்தன. 1963க்கு முன் படையிலிருந்து விடுபட்டவர்களின் ஆவணங்களைப் பிரிட்டிஷ் தற்காப்பு அமைச்சு லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு 2022 முதல் மாற்றத் தொடங்கியது. மொத்தம் 97 லட்சம் கோப்புகள். பதக்கம் வழங்கும் அலுவலகம் குளோஸ்டர் நகருக்கு அருகே இன்ஸ்வொர்த்தில் இருக்கிறது. வீரருக்கு, அவர் இல்லையென்றால் சட்டப்படியான நெருங்கிய உறவினருக்கு மட்டுமே கொடுப்பார்கள். நண்பருக்காக, பக்கத்து வீட்டுக்காரருக்காகக் கேட்டால் பலிக்காது.

நான்காவது, ஐ.என்.ஏ. இதில் கெடாவுக்குத் தனி இடம் உண்டு. 1941 டிசம்பரில் ஜித்ரா தற்காப்பு அரண் உடைந்தபோது 14ஆம் பஞ்சாப் ரெஜிமென்டைச் சேர்ந்த கேப்டன் மோகன் சிங் காட்டில் தனித்துவிடப்பட்டார். ஜப்பானியரிடம் சரணடைந்து அலோர்ஸ்டாரில் நடத்திய பேச்சிலிருந்துதான் இந்திய தேசிய இராணுவத்தின் முதல் கரு உருவானது. 1943இல் நேதாஜி வந்த பிறகு தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். ஜான்சி ராணி படையில் பெண்களும் சேர்ந்தார்கள். நேராகத் தோட்டத்திலிருந்து போனவர்களுக்குப் பிரிட்டிஷ் இராணுவ எண் எதுவும் கிடையாது. ஆகவே லண்டனுக்கு எழுதிப் பயனில்லை. இந்திய அரசு 1972இல் தொடங்கிய விடுதலைப் போராட்ட வீரர் பென்ஷன் திட்டத்தில் ஐ.என்.ஏ. வீரர்களைச் சேர்த்துக்கொண்டது. அங்கே அரசு ஆவணம் இல்லாத இடத்தில் உடன் சிறையில் இருந்தவர் தரும் சான்றையும் ஏற்றார்கள். சக வீரரின் சாட்சியம் எவ்வளவு பெறுமதியானது என்பதற்கு அது ஒரு முன்னுதாரணம். மலேசியாவில் ஐ.என்.ஏ. சேவைக்கு இராணுவப் பதக்கம் கேட்க இடமில்லை. வீட்டில் உள்ள படங்களையும் கடிதங்களையும் பாதுகாத்து வைப்பதே அந்தக் குடும்பங்கள் செய்யக்கூடியது.

போராடிப் பெற்றவர்கள்

பதக்க விஷயத்தில் கேட்டுக் கேட்டுத்தான் கிடைக்கிறது என்பதற்கு நம் நாட்டுப் பதக்கமே சாட்சி. அவசரகாலத்திலும் மோதல் காலத்திலும் இங்கு வந்து பணியாற்றிய காமன்வெல்த் படையினருக்காக மலேசிய அரசு பிங்காட் ஜாசா மலேசியா என்ற பதக்கத்தை ஏற்படுத்தியது. 1957 ஆகஸ்ட் 31 முதல் 1966 டிசம்பர் 31 வரையிலான சேவைக்கு உரியது. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் அணிய அனுமதித்தன. பிரிட்டனோ 2006 ஜனவரியில் ஒரு விசித்திரமான முடிவு எடுத்தது: வாங்கிக்கொள்ளலாம், அணியக்கூடாது. ஒரே சேவைக்கு இரண்டு பதக்கம் கூடாது, ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட பழைய சேவைக்குப் பதக்கம் ஏற்பதில்லை என்பவை காரணங்கள். 2007இல் சுதந்திரப் பொன்விழாவுக்கு இங்கே வந்தவர்கள் மட்டும் தற்காலிகமாக அணிந்துகொண்டார்கள். எழுபது, எண்பது வயதுக் கிழவர்கள் எம்.பி.க்களுக்கு எழுதிக்கொண்டே இருந்தார்கள். 2011இல்தான் முழு அனுமதி வந்தது. அதற்குள் காலமானவர்கள் எத்தனையோ பேர்.

பக்கத்திலேயே இன்னொரு விவகாரம். 1970 முதல் பட்டர்வெர்த் விமானத் தளத்தில் ஆஸ்திரேலியக் காலாட்படைக் கம்பெனி ஒன்று மாறி மாறிப் பணியாற்றியது. அது அமைதிக் காலப் பணி என்று பதிவாகிவிட்டது. கம்யூனிஸ்டு மிரட்டல் இருந்த காலத்தில் தளத்தைக் காத்தோம், போர்க்காலச் சேவையாக மாற்றுங்கள் என்று அந்த முன்னாள் வீரர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். இதற்கெல்லாம் ஆஸ்திரேலியாவில் பதக்க மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் என்றே ஒன்று இருக்கிறது. 1942இல் மூழ்கும் கப்பலில் துப்பாக்கியை விடாமல் சுட்டபடி உயிர்விட்ட டெடி ஷீன் என்ற இளம் மாலுமிக்கு அந்தத் தீர்ப்பாயம் 2019இல் விக்டோரியா கிராஸ் பரிந்துரைத்தது. அரசு முதலில் மறுத்தது. 2020இல் கொடுத்தது. 78 ஆண்டு கழித்து.

அமெரிக்காவில் 1946 சட்டத்தின்படி படைப் பதிவுகளைத் திருத்தவே சிவிலியன்கள் அடங்கிய வாரியங்கள் இருக்கின்றன. பிழை தெரிந்த மூன்று ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும் என்பது விதி. நியாயம் இருந்தால் தாமதத்தை மன்னிப்பார்கள். இந்தியாவில் 2009 முதல் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இயங்குகிறது; சென்னையிலும் ஓர் அமர்வு உண்டு. நம் நாட்டில் பதக்கப் பதிவுக்கென இப்படித் தனித் தீர்ப்பாயம் கிடையாது. இலாகாவுக்குக் கடிதம், பதில் இல்லையென்றால் பொதுப் புகார்ப் பிரிவு (பீரோ பெங்காடுவான் அவாம்), அதற்கும் மேல் நீதிமன்றம் என்று போக வேண்டியிருக்கிறது. 80 வயதுக்காரரை நீதிமன்றப் படியேற்றுவது யாருக்கும் ஆசையில்லை. எனவே முதல் கடிதத்தைச் சரியாக எழுதுவதில்தான் காரியம் இருக்கிறது.

கடிதமும் ஆதாரமும்

கடிதத்தில் வரலாறு எழுத வேண்டாம். இராணுவ எண் அல்லது போலீஸ் எண், பழைய புதிய அடையாளக் கார்டு எண்கள், சேர்ந்த ஆண்டு, படை, விலகிய ஆண்டு, பதிவில் இப்போது என்ன இருக்கிறது, என்னவாக இருக்க வேண்டும், அதற்கு என்ன ஆதாரம். இவ்வளவு போதும். மலாயில் எழுதுங்கள். பெயர்த் திருத்தம், தேதித் திருத்தம், பதக்க விண்ணப்பம் மூன்றையும் ஒரே பத்தியில் கலந்தால் படிப்பவர் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுக் கோப்பை மூடிவிடுவார். பெயரைத்தான் முதலில் திருத்தக் கேட்க வேண்டும். பெயர் பொருந்தாத வரை மற்ற இரண்டும் நகராது.

இரண்டு பெயரும் ஒருவரே என்பதற்குச் சத்தியப் பிரமாணம் செய்யலாம். 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பிரமாண ஆணையர் முன் கையெழுத்திட வேண்டும். அலோர்ஸ்டார், சுங்கை பட்டாணி, கூலிம் எங்கும் ஆணையர்கள் இருக்கிறார்கள். பொய்ப் பிரமாணம் குற்றம். தெரியாததைத் தெரிந்ததாக எழுதக்கூடாது. ‘என் தந்தை சொல்லக் கேட்டேன்’ என்றால் அப்படியே எழுதுங்கள்.

ஆதாரங்களில் படைவிலகல் சான்றிதழும் சேவைப் புத்தகமும் முதல் தரம். அவை இல்லையென்றால் சம்பளப் புத்தகம், சீருடைப் படம், படத்தின் பின்புறம் எழுதிய தேதி, உடன் பணியாற்றியவர் தரும் பிரமாணம். தோட்ட அலுவலகப் பதிவேடுகளை நம்பிப் பயனில்லை. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது செக்ரோல் புத்தகங்களுக்கும் அதே கதிதான். அந்தத் துண்டாடலைத் தடுக்கத்தான் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அது முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம். மேம்பாட்டுக்குப் போன தோட்டங்களில் அலுவலகக் கட்டடமே இல்லை, பதிவேட்டை எங்கே தேடுவது?

ஆனால் பழைய நாளிதழ்கள் இருக்கின்றன. அந்தக் காலத்தில் தோட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தால் எஸ்.சி.யின் பெயரோடு செய்தி வருவதுண்டு. சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், தமிழ் முரசு இதழ்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. தோட்டத்தின் பெயரைப் பழைய ஆங்கிலப் பெயரில் தேட வேண்டும். தேசிய ஆவணக் காப்பகத்தின் கெடா, பெர்லிஸ் கிளை அலோர்ஸ்டாரில் இருக்கிறது.

பதக்கம் வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கும் ஆள்களிடம் ஜாக்கிரதையாக இருங்கள். கடைகளில் கிடைக்கும் நகல் பதக்கத்துக்கு எந்த இலாகாவும் பொறுப்பல்ல. அதேபோல, வீட்டில் உள்ள அசல் பதக்கத்தைப் பளபளப்பாக்குகிறேன் என்று விளிம்பைத் தேய்த்துவிடாதீர்கள். பொதுச் சேவைப் பதக்கம் வெள்ளி என்பதால் கஷ்ட காலத்தில் அடகுக் கடைக்குப் போனவையும் உண்டு. அடகு வைத்தவர் பெயர் விளிம்பில் இருந்ததை அப்போது யாரும் பார்க்கவில்லை.

வீரர் காலமாகியிருந்தால் மரணச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் மூன்றிலும் அவர் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று முதலில் ஒப்பிட்டுப் பாருங்கள். கோயிலில் மட்டும் தாலி கட்டிப் பதிவு செய்யாத திருமணமாக இருந்தால் மனைவியின் உரிமைக்குத் தனியே ஆதாரம் தேவைப்படும். எல்லா நகல்களிலும் அத்தாட்சிக் கையொப்பம் வாங்கி, அசலை வீட்டில் வைத்துக்கொண்டு, பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைக் கடித நகலோடு சேர்த்துப் பின் செய்து வையுங்கள். மூன்று மாதத்தில் பதில் வராவிட்டால் அந்த ரசீது தேதியைக் குறிப்பிட்டு இரண்டாவது கடிதம் எழுதலாம்.